பேட்டரி மேல் பழி போடுமுன்

லேப்டாப்பில் சார்ஜ் ஏறவில்லை என்றால் வீட்டில் உடனே ஒரு தீர்ப்பு வந்துவிடும்: ‘பேட்டரி போச்சு.’ சில ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புதுசு வாங்கிப் போட்டும் அதே கதை தொடரும்போதுதான் சார்ஜர் மேல் சந்தேகம் வருகிறது. சென்னை ரிச்சி தெருவில் தொழில் தெரிந்த மெக்கானிக் யாரும் இந்த வரிசையில் போக மாட்டார். ஸ்க்ரூவைக் கழற்றுமுன் சார்ஜர் முனையில் மல்டிமீட்டரை வைத்துப் பார்ப்பார். பழுது பெரும்பாலும் வெளியிலிருந்து உள்ளே தேடப்பட வேண்டியது.

அதில் முதல் படி நம்மாலேயே முடியும். வேறு பிளக் பாயின்ட்டில் செருகிப் பாருங்கள். அடாப்டருக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள கழற்றி மாட்டும் ஒயர் தளர்ந்திருக்கலாம். அடுத்து, அடாப்டரின் அடியில் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்று இருந்தால், இரண்டையும் பெருக்க 65 வாட். அதே கம்பெனியின் சிறிய லேப்டாப்புக்கு வரும் 2.31 ஆம்பியர் அடாப்டர் 45 வாட்தான் தரும். முனை கச்சிதமாகப் பொருந்தும், விளக்கும் எரியும். ஆனால் 65 வாட் கேட்கும் லேப்டாப்பில் அதை மாட்டினால் சார்ஜ் நத்தை வேகத்தில் ஏறும், அல்லது ஏறவே ஏறாது. அண்ணனும் தங்கையும் சார்ஜரை மாற்றி எடுத்துப் போகும் வீடுகளில் இது சகஜம். டைப்-சி வந்த பிறகு குழப்பம் கூடியிருக்கிறது. போன் சார்ஜரும் அதே துளைக்குள் நுழைகிறதே!

உருண்டை முனை கொண்ட டெல், ஹெச்பி சார்ஜர்களில் இன்னொரு சங்கதி உண்டு. துளைக்குள் உற்றுப் பார்த்தால் நடுவில் ஊசிபோல மெல்லிய பின் ஒன்று தெரியும். மின்சாரம் அதன் வழியாக வருவதில்லை. ‘நான் இத்தனை வாட் அடாப்டர்’ என்று லேப்டாப்புக்குச் சொல்வது மட்டும்தான் அதன் வேலை. அந்தப் பின் வளைந்தாலோ, ஒயருக்குள் அதன் மெல்லிய கம்பி அறுந்தாலோ, லேப்டாப் ஓடும். ஆனால் சார்ஜ் ஏறாது, வேகமும் குறையும். முனைக்கு அருகில் ஒயரை மடக்கிச் சுருட்டி வைப்பவர்களுக்கு இது அடிக்கடி நேரும். மலிவான டூப்ளிகேட் சார்ஜர்கள் பல இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன.

கரண்ட் போய் வந்த பிறகு லேப்டாப் உயிரே இல்லாமல் கிடந்தால், சார்ஜரைக் கழற்றிவிட்டு பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பல நேரம் இதுவே போதும். சார்ஜ் 80 சதவீதத்தில் நின்றுபோனால் பதற வேண்டாம். பேட்டரியின் ஆயுளைக் கூட்ட கம்பெனியே வைத்த வரம்பு அது. லித்தியம் பேட்டரிக்கு எந்நேரமும் நிரம்பிக் கிடப்பதும் சூடும்தான் எமன். மெத்தை மேல் வைத்து வேலை பார்ப்பவர்கள் கவனிக்க.

இத்தனையும் சரியாக இருந்தால் மட்டுமே பேட்டரிக்கு வர வேண்டும். அதற்கும் ஊகம் தேவையில்லை. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ‘பவர்சிஎஃப்ஜி’, ஓர் இடைவெளி, சாய்கோடு, ‘பேட்டரிரிப்போர்ட்’ என ஆங்கில எழுத்துகளில் தட்டினால் ஓர் அறிக்கை உருவாகும். தயாரித்தபோது இருந்த கொள்ளளவும் இப்போது நிரம்பும் அளவும் அதில் இருக்கும். 40,000 என்று தொடங்கியது 18,000-க்கு வந்திருந்தால் மாற்றிவிடலாம். 36,000 காட்டினால் பேட்டரி மேல் குற்றமில்லை. சார்ஜர் செருகும் ஜாக்கையோ மதர்போர்டையோ பார்க்கச் சொல்லுங்கள்.

டச்பேட் மேலெழும்பினாலோ, மூடி சரியாக மூடாவிட்டாலோ மேற்சொன்ன சோதனை எதுவும் வேண்டாம். பேட்டரி உப்பியிருக்கிறது. உடனே அணைத்து, சார்ஜரைக் கழற்றி, சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். குத்துவதும் அமுக்குவதும் தீயை வரவழைக்கும். சோனி தயாரித்த செல்களில் உலோகத் துகள் கலந்ததால் தீப்பிடிக்கும் அபாயம் இருந்தது என்று 2006-இல் டெல் 41 லட்சம் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது.

கழற்றிய பழைய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது.