தலைக்குக் குளித்தல்: குடும்ப மருத்துவரின் தொடர்கல்வியும் பெண்களின் தமிழும்

சிங்கப்பூரில் மருத்துவத் தொழில் புரிவோர் தம் தொழிற்சான்றிதழைப் புதுப்பித்துக்கொள்வதற்குத் தொடர் மருத்துவக் கல்வி பெற்றாக வேண்டும் என்னும் விதி 2003ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. ஈராண்டுக் காலத்திற்குள் குறித்த அளவு புள்ளிகளை விரிவுரை, பயிலரங்கு முதலியவற்றின் வாயிலாக அவர்கள் ஈட்டுகின்றனர். நாம் மருத்துவத் துறையினர் அல்லர். மொழியியல் கற்று, மொழியியலே கற்பித்து ஓய்வு பெற்றோம். ஆயினும் அக்கல்வியின் ஒரு பகுதி, குறிப்பாகப் பெண்கள் நலம் பற்றிய பகுதி, நம் துறையின் வாயிலில் வந்து நிற்கிறது. அஃது எவ்வாறு என்பதை இங்கு விளக்க முற்படுகிறோம்.

பெண்கள் நலத்தில் குடும்ப மருத்துவரின் பொறுப்பு கடந்த இருபது ஆண்டுகளில் பெரிதும் விரிந்துள்ளது. 2004இல் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான தேசியப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியபோது பாப் சோதனையே வழக்கில் இருந்தது. 2019 முதல் 30 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை எச்பிவி சோதனையும், 25 முதல் 29 வயது வரை உள்ளோர்க்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை பாப் சோதனையும் பரிந்துரைக்கப்படுகின்றன. அதே ஆண்டில் உயர்நிலை ஒன்று மாணவியர்க்குப் பள்ளியிலேயே எச்பிவி தடுப்பூசி போடுவதும் தொடங்கியது. கர்ப்பகால நீரிழிவு கண்ட தாய்மார்க்குப் பிள்ளைப்பேற்றின்பின் ஆறு முதல் பன்னிரண்டு வாரத்திற்குள் மீண்டும் சர்க்கரைச் சோதனை செய்தல் வேண்டும். பின்னாளிலும் விடாது கவனித்தல் வேண்டும். 2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டம் ஒவ்வொருவரும் ஒரு மருந்தகத்தில் பதிந்துகொண்டு அதனையே தொடர்ந்து நாடும் முறையைக் கொணர்ந்தது. ஆகவே, மகப்பேற்று நிபுணரிடம் மட்டுமே கேட்கப்பட்ட பல கேள்விகள் இன்று புளோக்கின் கீழ்த்தளத்து மருந்தகத்திற்கே வந்துவிடுகின்றன.

எம்மிடம் முன்னாளில் தமிழ் பயின்ற மருத்துவர் இருவர், தாம் பங்குகொண்ட பயிலரங்குகளின் குறிப்புகளை எமக்குக் காட்டினர். தெளிவான, பயன்மிக்க குறிப்புகள். ஒவ்வொரு நோய்க்கும் முதற்பக்கத்தில் ‘நோயாளியிடம் கேட்க வேண்டியவை’ என ஒரு பட்டியல் இருந்தது. கடைசி மாதவிடாய் எப்போது, கருச்சிதைவு உண்டா, மாதவிடாய் நின்றபின் உதிரப்போக்கு உண்டா என்பன போன்ற கேள்விகள். அவற்றுக்கு விடை எந்தச் சொற்களில் வரும் என்பது பற்றி அக்குறிப்புகளில் ஒரு வரியும் இல்லை. இது குறை கூறுதல் அன்று. மருத்துவர் அதனை யாரிடம் கேட்டிருக்க முடியும்?

2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசுவோர் 5 வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளருள் 2.5 விழுக்காட்டினர். அவர்களுள் முதிய பெண்டிர் பலர் தம் உடலைப் பற்றி வேறு எம்மொழியிலும் பேசியறியாதவர்கள். எதிரே அமர்ந்துள்ள மருத்துவர் சீனராகவோ மலாய்க்காரராகவோ இருக்கலாம். தமிழராகவே இருப்பினும் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்றவர். இடையில் நின்று மொழிபெயர்ப்பவர் பெரும்பாலும் மகளோ பேத்தியோ ஆவார்.

பெண்கள் நலம் பற்றிய பேச்சுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அவையில் சொல்லத் தகாத சொல்லைத் தொல்காப்பியம் அவையல் கிளவி என்னும். நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுப்பார். வகுப்பறையில் இவற்றுக்கு நாம் தரும் எடுத்துக்காட்டுகள் ‘கால் கழுவி வந்தான்’, ‘விளக்கைக் குளிரவை’ என்னும் அளவில் நின்றுவிடுகின்றன. அவ்விலக்கணம் இன்றும் முழு வலிமையோடு வாழும் இடம் பெண்களின் பேச்சே என்பது எம் கருத்து. மாதவிடாய் என்பது எழுத்துச் சொல். வாய்ச்சொற்கள் தூரம், வீட்டு விலக்கு, தீட்டு, தலைக்குக் குளித்தல் என்பன. கருவுற்றவளை ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்பர்; மாதந்தோறும் தலை முழுகும் தேவை இல்லாது போயிற்று என்பது அதன் உட்பொருள். ‘புழு பூச்சி உண்டா?’ என்று மாமியார் வினவினால் அவர் கேட்பது பூச்சியைப் பற்றி அன்று. அகராதியை மட்டும் நம்பி மொழிபெயர்ப்பவர் இவ்விடங்களிலெல்லாம் வழி தவறுவார்.

எம் குடும்பத்திலேயே இது நேர்ந்தது. எம் தமக்கையாருக்கு அப்போது வயது 63. மாதவிடாய் நின்று பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. பேத்தியுடன் ஒரு மருந்தகத்திற்குச் சென்றவர், “மறுபடியும் தலைக்குக் குளிக்க வேண்டியிருக்கு, ஒடம்பு ரொம்ப அசதியா இருக்கு” என்றார். பேத்தி உயர்நிலை மூன்றில் தமிழில் நல்ல மதிப்பெண் பெற்ற பெண். தலையை அடிக்கடி அலசுவதால் பாட்டிக்குக் களைப்பு உண்டாகிறது என ஆங்கிலத்தில் பெயர்த்தாள். மருத்துவர் பொறுமையுடன் இரத்தச் சோதனை செய்தார், சோகை இருப்பதைக் கண்டார், இரும்புச்சத்து மாத்திரை தந்தார். மாத்திரைகள் ஒழுங்காக உட்கொள்ளப்பட்டன. ஐந்து மாதம் கழித்து மகள் வெளியூரிலிருந்து வந்து, துணி துவைக்கும்போது கறையைக் கண்ட பிறகுதான் செய்தி வெளிவந்தது. கருப்பையின் உட்சுவரில் புற்றுநோய். அறுவைச் சிகிச்சையும் கதிர்வீச்சும் பெற்று மூன்றாண்டுகள் வாழ்ந்தார்.

மாதவிடாய் முற்றும் நின்றபின் ஏற்படும் உதிரப்போக்கு, துளியளவே ஆயினும், ஆராயப்பட வேண்டியது என்பதைக் குடும்ப மருத்துவர் அனைவரும் அறிவர். அவ்வாறு வரும் பெண்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்குக் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் இருக்கக்கூடும். அந்நோய் கண்டவர்களுள் மிகப் பெரும்பாலோர்க்கு இவ்வுதிரப்போக்கே முதல் அறிகுறி. அந்த மருத்துவரும் இதனை அறியாதவராக இருந்திருக்க மாட்டார். அறிந்ததைப் பயன்படுத்துவதற்குரிய சொல் அவர் செவிக்கு வரவில்லை. பேத்தி மீதும் பிழை இல்லை; அவளுக்கு அச்சொல்லை எவரும் சொல்லித் தந்ததில்லை. நாமும் சொல்லித் தரவில்லை.

இடக்கரடக்கல் மட்டுமன்று, வினையின் வடிவமும் மருத்துவ வரலாற்றை மாற்றிவிடும். கலைந்தது, கலைத்தது என்னும் இரண்டனையும் பாருங்கள். தன்வினைக்கு மெல்லெழுத்து, பிறவினைக்கு வல்லெழுத்து என்று இலக்கண வகுப்பில் நாம் சொல்வதற்குமேல் இதில் ஒன்றும் இல்லை. மருந்தகத்தில் ‘கரு கலஞ்சிருச்சு’ என்பது தானாக நேர்ந்த கருச்சிதைவு. ‘கலச்சேன்’ என்பது விரும்பிச் செய்துகொண்ட கருக்கலைப்பு. இரண்டுக்கும் பொதுவாக ‘அபார்ஷன்’ என்னும் ஆங்கிலச் சொல்லைப் போட்டுவிட்டால் வேறுபாடு அழிந்துபோகும். கரு தொடர்ந்து தானாகக் கலைந்திருந்தால் அதன் காரணத்தைத் தேடுதல் மருத்துவர் கடன். தானாகக் கலைந்ததைத் தானே கலைத்தாள் எனக் குறித்துவிட்டாலோ, தேடலும் நிகழாது, அப்பெண்ணின் பெயரில் செய்யாத செயலும் ஏறிவிடும். இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. கரு உள்ளேயே இறந்துபோக, மருத்துவமனையில் கருப்பையைத் தூய்மை செய்ததையும் ‘ஆஸ்பத்திரியில கலச்சுட்டாங்க’ என்றே சொல்வர். வினைமுற்றின் எழுவாயைக் கேட்டறியாமல் எதையும் எழுதலாகாது.

சூடு என்னும் சொல் வேறு வகையான சிக்கல். ‘ஒடம்பெல்லாம் சூடு’ என்று ஐம்பது வயதுப் பெண் கூறினால் அது காய்ச்சலாக இருக்கலாம், மாதவிடாய் நிற்கும் பருவத்தில் திடீரென முகத்திலும் கழுத்திலும் பரவும் வெப்பமாக இருக்கலாம், நீர்க்கடுப்பாகவும் இருக்கலாம், வெள்ளைப்படுதலைச் சொல்ல நாணி அதற்கு ஈடாகச் சொன்ன சொல்லாகவும் இருக்கலாம். இந்நாட்டில் ஒரு கூடுதல் வேடிக்கை: சீனரிடமும் உடற்சூடு பற்றிய கருத்து வேரூன்றியிருப்பதால், சீன மருத்துவர் அச்சொல்லைக் கேட்டவுடன் தமக்குப் புரிந்துவிட்டது எனக் கொள்கிறார். முற்றும் அறியாத சொல்லைவிடப் பாதி அறிந்த சொல்லே இங்கு இடர் மிக்கது.

வெள்ளைப்படுதல் என்பதைத் தென்னாசியப் பெண்கள் நோய்த்தொற்றுக்கு மட்டும் வழங்குவதில்லை. சோர்வு, முதுகுவலி, மனக்கவலை ஆகியவற்றையும் அதனோடு சேர்த்தே சொல்வர். கோவாவில் விக்ரம் பட்டேல் குழுவினர் நிகழ்த்திய ஆய்வில், இம்முறையீடு கிருமித்தொற்றைவிட மனத்துயரோடும் வாழ்க்கை நெருக்கடியோடும் நெருங்கிய தொடர்புடையதாகக் காணப்பட்டது. தொற்றுக்கு மருந்து தருவதோடு நில்லாமல் ‘வீட்டில் எப்படி இருக்கிறீர்கள்?’ என்று ஒரு வினா கேட்க வேண்டிய இடம் அது.

மார்பகத்தில் கட்டி உண்டானால் ‘நெஞ்சுல ஏதோ இருக்கு’ என்று மட்டும் சொல்லி நிறுத்தும் பெண்களையும் நாம் அறிவோம். இதயத்திற்கு மின்பதிவு எடுக்கப்பட்டுத் திரும்பி வந்தவரும் உண்டு.

இவ்விடத்தில் கலைச்சொல் ஆக்குவோரின் பணியையும் நோக்க வேண்டும். அப்பணியில் நமக்கும் பங்கிருந்தது. ஆகவே உரிமையோடு சொல்கிறோம்: நம் மருத்துவக் கலைச்சொல் பட்டியல்கள் மருத்துவர் பேசுவதற்காக ஆக்கப்பட்டவை, மருத்துவர் கேட்பதற்காக ஆக்கப்பட்டவை அல்ல. கருப்பை வாய்ப் புற்றுநோய் என்பது பிழையற்ற தொடர். ஆனால் விரைவாகச் சொல்லும்போது ‘வாய்ப் புற்றுநோய்’ என்னும் இறுதிப்பகுதியே காதில் தங்கி, ‘நான் வெற்றிலை போடுவதில்லையே’ என ஒரு பாட்டி விடையிறுத்ததை நாம் நேரிற் கேட்டோம். மலேசியத் தமிழர் நீரிழிவை ‘இனிப்பு நீர்’ என்பர். அச்சொல்லைக் கேட்டறியாத தமிழ்நாட்டு மருத்துவர் திகைப்பார். பட்டியலைச் சீர்செய்வதால் இவை தீரா. கேட்கப்படும் வடிவிலிருந்து தொடங்கிப் பொருளுக்குச் செல்லும் வேறொரு தொகுப்பு வேண்டும். ‘தலைக்குக் குளிச்சேன்’, ‘அடி எறங்கிருச்சு’, ‘கலஞ்சிருச்சு’ என ஒலித்தபடியே எழுதி, ஒவ்வொன்றன் அருகிலும் மருத்துவர் உடனே கேட்க வேண்டிய அடுத்த வினாவையும் குறித்தல் வேண்டும்.

2005ஆம் ஆண்டுப் பாடத்திட்ட மறுஆய்வுக்குப்பின் நம் பள்ளிகளில் பேச்சுத்தமிழுக்கு இடம் கிடைத்துள்ளது. ஆனால் அது சந்தை, நூலகம், பிறந்தநாள் விழா என்னும் எல்லைக்குள் சுற்றி வருகிறது. உயர்நிலை வகுப்பில் ஒரு பாடவேளையை மருந்தக உரையாடலுக்கு ஒதுக்குவதில் தவறில்லை. ஆண்பிள்ளைகள் நெளிவார்கள், நெளியட்டும், பாட்டியை அழைத்துச் செல்பவர்கள் அவர்களும்தாம். மாணவர் தத்தம் வீட்டு முதியவரிடம் ‘உங்கள் காலத்தில் இதை எப்படிச் சொல்வீர்கள்?’ என்று கேட்டு, விடையை ஊர்ப்பெயருடன் எழுதி வரலாம். தஞ்சாவூர்ச் சொல் ஒன்றாக இருக்கும், யாழ்ப்பாணச் சொல் வேறாக இருக்கும், கெடாத் தோட்டத்துச் சொல் மற்றொன்றாக இருக்கும். அவ்வாறு திரட்டிய சொற்களை ஆசிரியர் இருவரும் செவிலியர் ஒருவரும் அமர்ந்து சரிபார்த்தால், குடும்ப மருத்துவரின் பயிலரங்கில் ஒரு மணி நேரத்திற்குப் போதிய பொருள் கிடைத்துவிடும். எமக்குக் குறிப்புகளைக் காட்டிய மருத்துவர் இருவரும் அத்தகைய ஒரு மணி நேரத்திற்கு வரச் சம்மதித்துள்ளனர்; அவர்களுக்கு நாம் கொடுத்த முதல் தாளில் பதினேழு தொடர்கள் உள்ளன, முதல் தொடர் எம் தமக்கையார் சொன்னது.