கோலாலம்பூரில் கண்ட துருவ ஒளி



கிள்ளானிலிருந்து ரயிலேறிக் கோலாலம்பூர் செல்லும் நம் தோட்டத்துக் குடும்பங்கள் பிரிக்பீல்ட்ஸில் துணிமணி வாங்கி, கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்புவதே வழக்கம். அங்கிருந்து சிறிது தூரத்தில், ஏரிப் பூங்காவை அடுத்த மேட்டில், நீலக் கூரையோடு நிற்கிறது தேசியக் கோளரங்கம். 1994-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. பள்ளிப் பிள்ளைகளோடு நாங்கள் அங்கே சென்ற அன்று, துருவ ஒளியைப் பற்றிய காட்சி. விளக்குகள் அணைந்ததும், பச்சைத் திரைச்சீலை ஒன்று காற்றில் ஆடுவதுபோல் தலைக்கு மேலே வானம் அசைந்தது. கூச்சலிட்டுக் கொண்டிருந்த பிள்ளைகள் வாயடைத்துப் போனார்கள்.

வெளியே வந்ததும் ஒரு சிறுமி கேட்டாள்: "சார், எங்கம்மா விடியறதுக்கு முன்னாலேயே பால்மரம் வெட்டப் போறாங்க. அவங்க ஏன் இதப் பார்த்ததில்ல?"

நல்ல கேள்வி. சூரியன் நமக்கு வெயிலை மட்டும் அனுப்புவதில்லை. மின்னேற்றம் கொண்ட நுண்துகள்களையும் ஓயாமல் வீசுகிறது. அதைச் சூரியக் காற்று என்பர். பூமியோ ஒரு பெரிய காந்தம். காகிதத்தின்மீது இரும்புத்தூளைத் தூவி, அடியில் சட்டக் காந்தத்தை வைத்துப் பாருங்கள். (தூளுக்குக் கடைக்குப் போக வேண்டாம், அரம் போடும் பட்டறையில் கிடைக்கும்.) தூள் கோடு கோடாக வளைந்து, இரு முனைகளிலும் நெருங்கி நிற்கும். பூமியின் காந்தக் கோடுகளும் அப்படித்தான் துருவங்களின் அருகே தரையை நோக்கி இறங்குகின்றன. வரும் துகள்களில் பெரும்பாலானவற்றைக் காந்தப்புலம் விலக்கிவிடுகிறது. சிக்கியவற்றுள் ஒரு பகுதி அக்கோடுகளின் வழியே பாய்ந்து, 100 கிலோமீட்டருக்கும் மேலே மெல்லிய காற்றில் மோதுகிறது. மோதுண்ட ஆக்சிஜன் பச்சையாகவும், இன்னும் உயரத்தில் சிவப்பாகவும் ஒளிரும். நைட்ரஜன் நீலமும் ஊதாவும் தரும். கடைவீதியில் நியான் விளக்கு எரிவதும் ஏறத்தாழ இவ்விதமே.

நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு 3 பாகை வடக்கே. இங்கே காந்தக் கோடுகள் ஏறக்குறையக் கிடையாகப் படுத்திருக்கின்றன; துகள்கள் இறங்கி வர வழியில்லை. நார்வேக்காரருக்கும் அலாஸ்காக்காரருக்கும் பழகிப்போன காட்சி நமக்குக் கிட்டாதது இதனால்தான்.

இதனால் நமக்கென்ன என்று பெற்றோர் கேட்கலாம். சூரியன் சீறும்போது வானொலியின் சிற்றலை தடுமாறும். 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் சுமார் 60 லட்சம் பேர் 9 மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தனர். குளிர் தேசத்தில் அது என்ன பாடு! 2024 மே மாதம் வீசிய சூரியப் புயலில், லடாக்கின் ஹான்லே வானாய்வுக் கூடத்துக் கேமராக்களில் சிவப்பொளி பதிவாயிற்று. அவ்வளவு தெற்கே அது தென்படுவது அரிது.

சூரியனை உற்றுநோக்க இந்தியா 2023-இல் ஆதித்யா எல்-1 விண்கலத்தை அனுப்பியது. அத்திட்டத்தின் இயக்குநர் நிகார் ஷாஜி, தமிழ்நாட்டுச் செங்கோட்டையில் பிறந்த விவசாயி மகள். ஊரிலேயே அரசுப் பள்ளியில் படித்தவர். பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று, நம்மை நோக்கி வரும் சூரியக் காற்றை அளப்பது அக்கலத்தின் வேலைகளில் ஒன்று.