காப்பியும் இதயமும்: எல்லோருக்கும் ஒரே விளைவா?

பாலக்காட்டின் நெல்லியாம்பதியிலும், கம்பத்தையும் போடியையும் ஒட்டி எழும் இடுக்கி மலைகளிலும் மிளகுக்கும் ஏலத்துக்கும் அருகே காப்பியும் விளைகிறது. ஒரே அடுப்பில் கொதித்த கடுங்காப்பியை அருந்தும் இருவரில் ஒருவர் அன்றிரவு நன்றாக உறங்குவார். மற்றவருக்கு நெஞ்சு படபடக்கும். இதை மனத்தின் பிரமை என்று ஒதுக்கிவிட இயலாது.

காப்பியிலுள்ள காஃபீனைச் சிதைப்பது கல்லீரலின் நொதி ஒன்று. குடித்த காஃபீனில் பாதி குறையச் சராசரியாக 5 மணி நேரம் ஆகும். அந்நொதியின் வேகம் மரபணுவுக்கு ஏற்ப மாறும். புகைப்பழக்கம் அதை விரைவுபடுத்தும், கர்ப்பகாலம் தாமதப்படுத்தும். புகைப்பதை விட்டவர் பழைய அளவிலேயே காப்பி அருந்தினால் படபடப்பு கூடுவதற்குக் காரணம் இதுவே.

கோஸ்டா ரிக்காவில் நடந்து 2006இல் வெளியான ஆய்வு, காஃபீனை மெதுவாகச் சிதைப்போர் நாளொன்றுக்கு 4 கோப்பைக்கு மேல் அருந்தும்போது அவர்களிடம் மாரடைப்பு மிகுதியாக இருந்ததென்றும், விரைவாகச் சிதைப்போரிடம் அவ்வாறு இல்லையென்றும் கூறியது. பின்னர் பிரிட்டனில் பல லட்சம் பேரின் தரவுகளை ஆராய்ந்தபோது அந்த மரபணு வேறுபாடு உறுதிப்படவில்லை. எனவே இதற்கென மரபணுச் சோதனைக்குப் பணம் செலவிடுவது தேவையற்றது என்றே தோன்றுகிறது. தம் படபடப்பையும் உறக்கத்தையும் இரத்த அழுத்தத்தையும் கவனிப்பதே போதும்.

காஃபீனைத் தவிர, காப்பிக்கொட்டையின் எண்ணெயில் உள்ள கஃபெஸ்டால் என்னும் பொருளும் கருதத்தக்கது. அது கெட்ட கொழுப்பை உயர்த்தும். காகித வடிகட்டி அதைப் பெரிதும் தடுத்துவிடும். தூளைக் கொதிக்கவைத்தால் கோப்பைக்கு வந்து சேரும். நம் வீடுகளின் எவர்சில்வர் பில்டர் காகிதத்தின் அளவுக்குத் தடுப்பதில்லை. கேரளத்தில் பெருமளவு விளையும் ரோபஸ்டாவில் கஃபெஸ்டால் குறைவு. ஆனால் காஃபீனோ அராபிகாவைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. ஆகவே கொழுப்பு மிகுந்தவருக்கும் படபடப்பு உள்ளவருக்கும் ஒரே தூள் பொருந்தாது.

மாதுளையின் கதை வேறு. அதன் துவர்ப்புப் பொருள்களைக் குடல் நுண்ணுயிர்கள் புதிய சேர்மங்களாக மாற்றுகின்றன. அந்நுண்ணுயிர்கள் எல்லோரிடமும் இல்லை.

மருந்து உட்கொள்வோருக்கு இவ்வேறுபாடு இன்னும் கூர்மையானது. செயற்கை வால்வு பொருத்தப்பட்டு வார்ஃபரின் உட்கொள்பவருக்கு, கீரையிலுள்ள வைட்டமின் கே அம்மருந்தின் வேகத்தைக் குறைக்கும். அவர் முருங்கைக்கீரையை அடியோடு விலக்க வேண்டியதில்லை. திடீரெனக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது. அளவை மாற்ற விரும்பினால் மருத்துவரிடம் முன்னரே கூறி, இரத்த உறைவுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.