குடவோலையும் குலுக்கற் கணக்கும்

ஏற்காட்டு மலையடிவாரத்தில் பேருந்தேறிய நாளில், 20 கொண்டையூசி வளைவுகளையும் கண்டு செல்லத்தக்க சாளர இருக்கை யாருக்கு என எம் மூவரிடை வழக்கெழுந்தது. நண்பரொருவர் கைப்பேசியிற் பைத்தான் மொழியில் ஒரு நிரலெழுதிப் பெயர்களைக் கலைத்துத் தீர்ப்பளித்தார். மூன்றிடங்களில் நிற்கும் பெயரை ஒவ்வொன்றாக எடுத்து, அம்மூன்றிடத்துள் யாதேனும் ஒன்றிலுள்ள பெயரோடு மாற்றுதலே அவர் கையாண்ட முறை. நேரியதாகவே தோன்றும், ஆயினும் நேரியதன்று.

எண்ணிப் பார்மின். மும்முறையும் மும்மூன்று தெரிவாதலின் நிகழத்தக்க வழிகள் 27; மூன்று பெயர்க்கு அமையும் வரிசைகளோ 6. 27ஐ ஆறு சமகூறாக்குதல் யாங்ஙனம்? இரண்டாவதாக எழுதப்பட்ட பெயர் 10 வழிகளில் முதலிடம் பெறும். மூன்றாவதற்கு 8 வழிகளே. மூன்றாவது நின்றது எம் பெயரென்பதும் ஈண்டுக் கூறற்பாலது!

உத்தரமேரூரார் இப்பிழை செய்திலர். முதற் பராந்தக சோழன் காலத்து 921ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி, 30 குடும்புகளின் பெயரோலைகளும் குடும்புக்கொரு கட்டாகக் குடத்திலிடப்படும். ஏதுமறியாச் சிறுவன் ஒரு கட்டெடுப்பான். அதனை வேறொரு குடத்திலிட்டுக் குலைத்தபின் ஓரோலை எடுப்பான். எடுத்த கட்டு மீளக் குடம் புகாது.

இங்கிலாந்தில் ஃபிஷரும் யேட்சும் 1938இல் வெளியிட்ட முறையும் இவ்வியல்பினதே. முதலிடத்திற்கு மூவருள் ஒருவர், அடுத்ததற்கு எஞ்சிய இருவருள் ஒருவர், கடையிடம் மிஞ்சியவர்க்கு. மூன்றையும் இரண்டையும் ஒன்றையும் பெருக்க வருவது 6. வரிசைக்கு ஒரு வழி. பைத்தானிலுள்ள ஷஃபிள் என்னும் ஏவல் இம்முறையையே தழுவியதாகலின், நண்பர் தம் நிரலைக் களைந்து அதனை மேற்கொண்டார்.

மலையிறங்குகையில் மீண்டும் குலுக்கினோம். எமக்குக் கிடைத்தது நடு இருக்கையே.