வெயில் காப்பில் தாவரச் சாறுகளின் பங்கு

உம்பாய்க் கடற்கரை நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ இரண்டு பாகையில் அமைந்துள்ளது. ஆண்டு முழுவதும் இங்கு நண்பகல் வெயில் கடுமையானது. மீன்பிடித் துறையிலும் செம்பனைத் தோட்டத்திலும் பள்ளித் திடலிலும் அதனைத் தாங்குவது நம் தோலே. முகத்தில் மஞ்சளோ அரிசி மாவோ பூசி வெளியே சென்ற பாட்டிமாரை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். தாவரப் பூச்சுக்குத் தோலைக் காக்கும் ஆற்றல் உண்டா என்பதே நாம் ஆராயும் வினா.

தோலைத் தாக்கும் புற ஊதாக் கதிர்கள் இருவகை. 280 முதல் 315 நானோமீட்டர் வரையுள்ள 'பி' வகை, தோலைச் சிவக்கச் செய்கிறது. 315 முதல் 400 வரையுள்ள 'ஏ' வகை, ஆழமாக ஊடுருவிச் சுருக்கங்களை விளைவிக்கிறது. தோல் புற்றுநோய்க்கு இரண்டுமே காரணமாகலாம்.

நாள் முழுதும் வெயிலில் நிற்கும் தாவரங்கள், பாலிஃபீனால் முதலிய சேர்மங்களை உண்டாக்கித் தம்மைக் காத்துக்கொள்கின்றன. சங்கப் பாடல்கள் 'புன்கு' எனக் குறிக்கும் புங்க மரத்தின் விதையிலுள்ள கரஞ்சினும் பொங்கமோலும் புற ஊதாக் கதிரை உறிஞ்ச வல்லவை. அரிசித் தவிட்டிலுள்ள ஃபெருலிக் அமிலமும் அத்தகையதே. 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், உயிர்ச்சத்து 'சி', 'ஈ' கலந்த கரைசலுடன் இவ்வமிலத்தைச் சேர்த்தபோது, அதன் காப்பாற்றல் நான்கு மடங்கிலிருந்து ஏறத்தாழ எட்டு மடங்காக உயர்ந்தது. மேலும், களிம்பைக் கடந்து நுழையும் கதிர்கள் தோலில் தோற்றுவிக்கும் தீய மூலக்கூறுகளையும் இத்தகைய சேர்மங்கள் அடக்குகின்றன.

எனினும், ஒன்றை நாம் கருத வேண்டும். களிம்பின் காப்பு எண், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசி, தோல் சிவக்க எவ்வளவு கதிர் தேவைப்படுகிறது எனப் பார்த்தே கணிக்கப்படுகிறது. அழற்சியைத் தணிக்கும் தாவரச் சாறு அச்சிவப்பைத் தாமதப்படுத்தக்கூடும். அப்போது எண் உயரும். உள்ளே நுழையும் கதிரோ குறைந்திராது. சிவக்காத தோலும் பழுதுற்றிருக்கலாம். மஞ்சளின் குர்குமினோ வெளிச்சம் பட்டாலே சிதையும் இயல்பினது.

ஆகவே, துத்தநாக ஆக்சைடு போன்ற வடிகட்டிகளுக்குத் தாவரச் சாறு நல்ல துணை. தனித்து நின்று காக்க அது போதாது. 'இயற்கை' என்னும் சொல் ஒரு பொருளின் ஆற்றலுக்குச் சான்றாகிவிடாது. அதில் எச்சேர்மம் உள்ளது, அது எவ்வாறு அளக்கப்பட்டது என்று வினவ மாணவரைப் பழக்குவோம். தொப்பியையும் நீண்ட கைச்சட்டையையும் மரநிழலையும் கைவிடாதிருப்போம்.