எம்சிபி விழவில்லை, டிவி எரிந்துவிட்டது

மழை விட்டதும் கரண்ட் வருகிறது. ஒரு வீட்டில் குண்டு பல்பு கண் கூச எரிகிறது. அடுத்த வீட்டில் மங்கி அழுகிறது. டிவிக்குள் 'டப்'பென்று சத்தம், கருகல் வாடை. "நியூட்ரல் போயிடுச்சுங்க" என்கிறார் எலக்ட்ரீஷியன். மெயின் போர்டில் ஒரு எம்சிபிகூட விழவில்லை. "அப்ப இது எதுக்கு?" என்று வீட்டுக்காரர் கேட்டால் அது நியாயமான கேள்விதான்.

நம் வீட்டில் இரண்டு வகைச் சுற்றுகள் இருக்கின்றன. வயர், சுவிட்ச், அயர்ன் பாக்ஸ், ஹீட்டர், மோட்டார் எல்லாம் மின்சுற்று. மின்சாரத்தைச் சூடாகவோ சுழற்சியாகவோ மாற்றுவது அதன் வேலை. டையோடு, டிரான்சிஸ்டர், ஐசி வைத்து அதே மின்சாரத்தை அளந்து அடக்கி வேலை வாங்குவது மின்னணுச் சுற்று. பழைய ஃபேன் ரெகுலேட்டர் பெட்டி கையில் சுடும். மின்சாரத்தில் ஒரு பங்கைச் சூடாக்கி வீணடித்தே வேகத்தைக் குறைத்தது. இப்போதைய எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் நொடிக்குப் பலமுறை மின்சாரத்தை வெட்டிவெட்டி அனுப்புகிறது. வாஷிங் மெஷினில் இரண்டும் ஒரே பெட்டிக்குள்: மோட்டார் ஒரு வகை, போர்டு இன்னொரு வகை.

எம்சிபி எண்ணுவது ஆம்பியரை. வயர் சூடேறித் தீப்பிடிக்காமல் காப்பதே அதன் கடமை. டிவி போர்டு சாவதோ வோல்ட்டால். தெருக்கம்பியில் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட், இரண்டு பேஸ்களுக்கு இடையே சுமார் 400. நியூட்ரல் அறுந்தால் வெவ்வேறு பேஸில் உள்ள வீடுகள் வரிசையாகக் கோத்ததுபோல் ஆகிவிடுகின்றன; குறைவாக மின்சாரம் எடுக்கும் வீட்டில் வோல்டேஜ் எகிறும். 230 வோல்ட்டை நேர்மின்னாக்கினால் உச்சம் 325. அதைத் தாங்கத்தான் உள்ளே 400 அல்லது 450 வோல்ட் கெப்பாசிட்டர். 400 வந்தால் உச்சம் 565. தாங்காமல் கெப்பாசிட்டர் வெடிப்பதுதான் அந்த 'டப்' சத்தம்.

ஸ்பைக் பஸ்டர் மின்னலால் வரும் கணநேரத் துடிப்புக்குத்தான் ஓரளவு உதவும். நிமிடக்கணக்கில் நீடிக்கும் 400 வோல்ட்டுக்கு அது தாக்குப்பிடிக்காது. அளவு மீறினால் துண்டிக்கும் ஓவர்-வோல்டேஜ் ரிலே வேண்டும், அல்லது ஹை-கட் உள்ள ஸ்டெபிலைசர்.

ஆளைக் காப்பாற்றுவதும் எம்சிபி அல்ல. சில பத்து மில்லிஆம்பியர் உடலில் பாய்ந்தாலே உயிர் போகலாம். 16 ஆம்பியர் எம்சிபியோ அந்த அளவு வரை சும்மா இருக்கும். மின்கசிவைக் கண்டால் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும் சரியான எர்த்தும் தேவை. ஆனால் பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துப் பிடித்தவரை ஆர்சிசிபியும் காக்காது. கழற்றிப் பார்ப்பதிலும் கவனம் வேண்டும். பிளக்கைப் பிடுங்கினால் மின்சுற்று செத்துவிடும். மின்னணுச் சுற்றில் அந்த நம்பிக்கை ஆகாது. மைக்ரோவேவ் அடுப்பின் கெப்பாசிட்டரில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிர்பறிக்கும் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். யூடியூப் பார்த்துக் கழற்றுபவர்கள் இந்த ஒரு பெட்டியையாவது விட்டுவிடுங்கள்.

இந்த இரண்டு வகைக்கும் தர முத்திரையும் வேறுவேறு. அயர்ன் பாக்ஸில் ஐஎஸ்ஐ முத்திரையோடு 'சிஎம்/எல்' எண் இருக்க வேண்டும். செல்போன் சார்ஜரிலும் டிவியிலும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண். இரண்டையும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் சரிபார்க்கலாம். பில் கேளுங்கள், தராத கடையில் சார்ஜர் வாங்காதீர்கள்.

பொருளில் குறை என்றால் முதலில் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். தீராவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. தேவைப்பட்டால் ஆணையமே பொருளை ஆய்வகச் சோதனைக்கு அனுப்பும்.

நியூட்ரல் அறுந்து எரிந்ததென்றால் வழி வேறு. தமிழ்நாட்டில் மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987க்கு அழைத்துப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தெருவில் பாதிக்கப்பட்ட எல்லோரும் கையெழுத்திட்டுப் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றமும், அதற்கு மேல் மின் குறைதீர்ப்பாளரும் உண்டு. மின் வழங்கலில் சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் மன்றத்துக்கும் (இப்போதைய நுகர்வோர் ஆணையம்) போகலாம் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது.

எதற்கும் சான்று வேண்டும். எதனால் எரிந்தது என்று சர்வீஸ் ஆளிடம் எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய போர்டையும் கேட்டு வாங்கி, புகார் முடியும்வரை பழைய இரும்புக்காரரிடம் போடாமல் பத்திரமாக வையுங்கள்.