வயதோடு போகாத விளையாட்டு

விளையாட்டு சிறார்க்கே உரியது, மீசை அரும்பியதும் அதனை விட்டொழிக்க வேண்டும் என்பது நம் பெரியோர் பலரது எண்ணம். ஆயினும் அப்பெரியோரே வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்கப் பரமபத சோபானப் படத்தை விரித்துவைத்துக்கொண்டு தாயம் உருட்டியவர்கள். பழங்கோயில்களின் கல் தளங்களில் ஆடுபுலி ஆட்டக் கட்டங்களைச் செதுக்கிச் சென்றவர்களும் சிறுவர்கள் அல்லர். ஆதலின், நாற்பதைத் தாண்டிய குடும்பத் தலைவர் ஒருவர் அலுவலகத்தினின்று திரும்பி, காப்பி அருந்தி முடித்து, மகனுக்குப் பக்கத்தில் அமர்ந்து வீடியோ கேம் ஆடக் கண்டால் நாம் வியப்படைய வேண்டுவதில்லை. பத்து வயதில் பற்றியதை அவர் இன்னும் விடவில்லை, அவ்வளவே.

இவ்விளையாட்டு நேற்று முளைத்ததும் அன்று. 1958-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடத்தில் வில்லியம் ஹிகின்பாதம் என்னும் இயற்பியல் அறிஞர், கூடத்தைப் பார்வையிட வரும் பொதுமக்களுக்குச் சலிப்புத் தட்டாதிருக்கும் பொருட்டு, மின்னலைகளைக் காட்டும் கருவியொன்றின் சிறு திரையில் டென்னிஸ் ஆட்டத்தை அமைத்துக் காட்டினார். மக்கள் வரிசையில் காத்து நின்று ஆடினர். அவரோ அதற்குக் காப்புரிமையும் கோரவில்லை. அவ்வாட்டம் இருவர் சேர்ந்து ஆடுவதற்கென்றே பிறந்தது என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்த வேண்டுகிறோம்.

நம் இல்லங்களுக்கு அது வந்த வழி சற்று வேடிக்கையானது. ஜப்பானிய நின்டெண்டோ நிறுவனம் 1983-ல் வெளியிட்ட விளையாட்டுப் பெட்டியின் போலிகள் 1990-களில் நம் நாட்டுக் கடைவீதிகளில் மலிந்தன. வாங்க இயலாதவர்கள் மணிக்கு இத்தனை ரூபாய் என்று வாடகை கொடுத்து ஆடினர். கேசட்டின் மேல் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே பார்த்தால் பத்திருபது ஆட்டங்களே வெவ்வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். படம் வராவிட்டால் கேசட்டை உருவி வாயால் ஊதுவர். ஊதுவதால் பயனுண்டோ இல்லையோ, ஊதாத பையன் ஒருவனும் இல்லை. தேர்வு நெருங்கினால் அன்னையர் பெட்டியை விட்டுவிட்டு அதன் அடாப்டரை மட்டும் அரிசி டப்பாவில் ஒளித்துவைப்பர். இஃது எல்லாத் தாய்மார்களுக்கும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்திருந்தது.

அக்காலத்துக் 'கான்ட்ரா'வை நம்மவருள் மறந்தவர் உண்டா? இருவர் தோளோடு தோள் நின்று ஆடும் ஆட்டம் அது. மேலே, மேலே, கீழே, கீழே, இடம், வலம், இடம், வலம் என்று பொத்தான்களை அழுத்தி ஈற்றில் வேறிரண்டையும் அழுத்தினால் முப்பது உயிர் கிட்டும் என்பது அதன் இரகசியம். (நம் கைக்கு வந்த போலிக் கேசட்டுகளில் இது சிலவற்றில் பலிக்கும், சிலவற்றில் பலிக்காது.) கொனாமி நிறுவனத்தில் பணியாற்றிய கசுஹிசா ஹஷிமோட்டோ என்பவர், 1986-ல் 'கிரேடியஸ்' என்னும் ஆட்டத்தை வீட்டுப் பெட்டிக்கு ஏற்ப அமைத்தபோது, அது தமக்கே மிகக் கடினமாயிருந்ததால் சோதித்துப் பார்க்க வசதியாக இக்குறுக்கு வழியை வைத்துக்கொண்டார். வெளியிடும்போது அதனை நீக்கவில்லை. 2020-ல் அவர் காலமானபோது உலகெங்கும் நடுவயதினர் துக்கம் கொண்டாடினர். ஜப்பானில் ஒருவர் தம் வசதிக்கு வைத்த வழி, இணையம் எட்டாத நாளில், செம்பூர்ச் சிறுவனுக்கும் திருநெல்வேலிச் சிறுவனுக்கும் வாய்மொழியாகவே வந்து சேர்ந்தது. கோடை விடுமுறை இரயில் அதில் பாதித் தூரத்தைச் சுமந்திருக்கும் என்பது நம் கருத்து.

பிறகு கணினி நிலையங்களில் 'ரோட் ராஷ்', 'கவுண்ட்டர் ஸ்டிரைக்' என்று சில ஆண்டுகள் ஓடின. 2016-க்குப் பின் கைப்பேசி இணையம் மலிந்தது. 2018-ல் 'பப்ஜி' வந்தது. 2020 செப்டம்பரில் மத்திய அரசு அதனைத் தடை செய்தது. 2021-ல் அதுவே வேறு பெயர் பூண்டு திரும்பியது.

இங்குதான் வெளியூர் வாழ் நமக்கு உரிய செய்தி ஒன்று உள்ளது. மும்பையிலோ தில்லியிலோ பிறந்த நம் பிள்ளை ஊரிலுள்ள பாட்டியோடு தொலைபேசியில் எவ்வளவு நேரம் பேசுகிறான்? "சாப்பிட்டேன், படிக்கிறேன், அம்மாகிட்ட கொடுக்கிறேன்" என்ற மூன்று வாக்கியங்களோடு முடிந்துவிடும். அதே பிள்ளை அத்தை மகனோடு அணி சேர்ந்து ஆடும் இரவில், காதில் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் தமிழிலேயே கத்துகிறான். "பின்னாடி வர்றான்டா, வீட்டுக்குள்ள ஓடு" என்பது இலக்கணத் தமிழன்று என்று குறை கூறுவோர் கூறட்டும். அத்தமிழை அவனுக்குக் கற்பித்தது ஆட்டம் அன்று, அத்தை மகன். 2020-ல் ஊரடங்கின்போது நவி மும்பையில் உருவான 'லூடோ கிங்' ஆட்டத்தின் வாயிலாகப் பாட்டிமாரும் இவ்வட்டத்துள் வந்தனர். தாயம் அறிந்தவர்களுக்கு அதில் கற்க வேண்டியது ஏதுமில்லை; பேரன்மாரைத் தயவு தாட்சணியமின்றி வெட்டினர்.

பெற்றோர் அஞ்சுவது அறியாமையால் அன்று. தூக்கம் கெடுகிறது, மதிப்பெண் குறைகிறது என்பன கண்கூடு. ஆனால் திரையில் நிகழ்வன அனைத்தையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பதை நாம் ஏற்கவில்லை. பணம் வைத்து ஆடுவது வேறு. ரம்மி என்றும் கிரிக்கெட் அணித் தேர்வு என்றும் வந்து எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பைக் கரைத்தவை பொழுதுபோக்கு எனும் பெயருக்கு உரியன அல்ல. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் இயற்றிய இணைய விளையாட்டுச் சட்டமும் இவ்வேறுபாட்டையே கொண்டது: பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடுத்து, போட்டி விளையாட்டுகளையும் பொழுதுபோக்கு ஆட்டங்களையும் வளர்க்க முற்பட்டது. எனினும் சட்டம் நம் கூடத்துக்குள் வந்து உட்காராது. இலவசம் என்று அழைத்துவிட்டு வீரனுக்கு வண்ணச் சட்டை விற்கும் ஆட்டங்கள் அச்சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. தந்தையின் வங்கிக் கணக்கு இணைந்த கைப்பேசியைப் பிள்ளை கையில் கொடுப்பதை நாம் வன்மையாக மறுக்கிறோம்.

எதை ஆடலாம் என்று கேட்கும் தாய்மார்களுக்கு ஒன்றைக் கூறுவோம். கனடாவின் டொராண்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் என்ற சிறு நிறுவனம் 2023-ல் 'வெண்பா' என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. 1980-களில் அங்குக் குடியேறிய தமிழ்ப் பெண் வெண்பா, கணவர் பாவலன், மகன் கவின் ஆகியோரின் கதை அது. மகன் வளர வளரத் தாய்மொழியினின்று விலகுகிறான். தாய் அடுப்படியில் காத்திருக்கிறாள். துப்பாக்கி இல்லை, ஓட்டம் இல்லை. அம்மா கொடுத்த சமையற்குறிப்பு நூல் கிழிந்தும் அழிந்தும் இருக்கிறது. விட்டுப்போன வரிகளை ஊகித்துச் சமைக்க வேண்டும், அதுவே ஆட்டம். 2024-ல் இங்கிலாந்தின் பாஃப்டா அமைப்பு முதல் முயற்சிக்குரிய பரிசை அதற்கு வழங்கியது. வெளியூரில் பிள்ளை வளர்க்கும் எவரும் அக்கதையில் இரண்டொரு இடங்களில் ஆட்டத்தை நிறுத்திவிட்டுச் சும்மா இருக்க நேரிடும்.

முதலில் வருவது இட்லி. தட்டுகளை எவ்வாறு அடுக்கினால் ஆவி எல்லாக் குழிக்கும் சமமாய்ச் செல்லும் என்று கண்டறிய வேண்டும். பிள்ளை திகைத்தால் சமையலறைப் பக்கம் திரும்பிக் கேட்கட்டும். கதை முழுவதும் ஏறக்குறைய ஒன்றரை மணியில் முடிந்துவிடும், ஞாயிற்றுக்கிழமை பிற்பகலுக்குப் போதும்.